எம் 67 கொத்தின் வயதைக் கையா தரவிலிருந்து எடுப்பது: எங்கெல்லாம் சறுக்கும்

தனியாக ஒரு விண்மீனைக் காட்டி வயதைக் கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சூரியன் மட்டும் விதிவிலக்கு. விண்கற்களில் இருக்கும் கதிரியக்கத் தனிமங்கள் அதன் வயதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. மற்றபடி, முதன்மைத் தொடரில், அதாவது மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் நிலையில், இருக்கும் மஞ்சள் விண்மீன் இருநூறு கோடி ஆண்டிலும் சரி, ஐந்நூறு கோடி ஆண்டிலும் சரி, பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். விண்மீன் பரிணாமம் படிப்பவர்கள் விண்மீன் கொத்துகளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். கொத்தில் உள்ளவை எல்லாம் ஒரே மேகத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வேதிக் கலவையில் பிறந்தவை. வேறுபடுவது நிறை மட்டும். கனமானது முதலில் ஹைட்ரஜனைத் தீர்க்கும். எந்த நிறை வரைக்கும் தீர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் கொத்தின் வயது கைக்கு வந்துவிடும்.

இந்த வேலையைப் பழக எம் 67-ஐ விட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. கடக மண்டலத்தில் இருக்கிறது. தூரம் சுமார் 850 பார்செக், அதாவது 2,750 ஒளியாண்டுக்கு மேல். பால்வெளி மண்டலத்தின் தளத்தை விட்டு விலகி உயரத்தில் இருப்பதால் நடுவில் தூசி குறைவு. உலோக அளவு (ஹீலியத்தை விடக் கனமான தனிமங்களின் பங்கு) ஏறக்குறைய சூரியனுடையதேதான். வயது சுமார் 400 கோடி ஆண்டு. சூரியனைப் போன்றவை, சூரியன் இனிமேல் ஆகப்போவதைப் போன்றவை, செத்து வெண்குறு விண்மீனாகிவிட்டவை என்று மூன்று வகையும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கருவி, ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம். 2013 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்டு 2025 ஜனவரி 15 வரை வானை அளந்தது. நமக்குத் தேவை 2022 ஜூன் 13 அன்று வந்த மூன்றாம் வெளியீடு. அது முதல் 34 மாத அளவீடுகளிலிருந்து உருவானது. 180 கோடிக்கு மேற்பட்ட மூலங்கள், அவற்றில் சுமார் 146 கோடிக்கு இடமாறு தோற்ற அளவு (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோலத் தெரியும் கோணம்; அதைத் தலைகீழாக்கினால் தூரம்) உண்டு. தரவு எல்லோருக்கும் இலவசம்.

இதில் பலரும் கடைசிப் படியில்தான், அதாவது ஒரே வயதுள்ள விண்மீன்கள் எங்கெங்கே விழ வேண்டும் என்று காட்டும் கோட்பாட்டு வளைகோட்டை நிறம்–பிரகாச வரைபடத்தின் புள்ளிகள் மேல் பொருத்துவதில்தான், நேரத்தைச் செலவழிக்கிறார்கள். விடையைத் தீர்மானிப்பது அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது: யாரைக் கொத்தில் சேர்த்தோம், யாரைத் தள்ளினோம், என்ன தூரம் வைத்தோம். ஆகவே இந்தப் பதிவிலும் பாதி இடம் அதற்குத்தான்.

தரவை இறக்குதல்

டாப்கேட் மென்பொருள் போதும். பைதான் தெரிந்தவர்கள் ஆஸ்ட்ரோகுவேரி தொகுப்பைப் பயன்படுத்தலாம். டாப்கேட்டில் வி.ஓ. (VO) மெனுவில் டாப் (TAP) வினவல் சாளரத்தைத் திறந்து, கையா காப்பகத்தைத் தேர்ந்து, மூன்றாம் வெளியீட்டின் முதன்மை மூல அட்டவணையைக் கேட்க வேண்டும். மையம்: வல ஏற்றம் 132.85 பாகை, நடுவரை விலக்கம் +11.81 பாகை. ஆரம் 1 பாகை. இந்தத் தூரத்தில் 1 பாகை என்பது சுமார் 15 பார்செக். கொத்து அதற்கு வெளியேயும் மெல்லிய ஒளிவட்டமாக நீண்டிருக்கிறது என்பதைக் கையாவே காட்டியிருக்கிறது. ஆனால் ஆரத்தை 3 பாகை ஆக்கினால் சம்பந்தமில்லாத பின்னணி விண்மீன்கள் ஒன்பது மடங்காகும். வயது காண 1 பாகை தாராளம்.

என்னென்ன நெடுவரிசைகள் வேண்டும்? மூல எண், ஆயங்கள், இடமாறு தோற்றம் அதன் பிழையோடு, இரு திசைத் தன்னியக்கம் (வானில் விண்மீன் ஆண்டுதோறும் நகரும் கோணம்) பிழையோடு, ஜி (அகன்ற பட்டை), பி.பி. (நீலம்), ஆர்.பி. (சிவப்பு) மேக்னிட்யூடுகள் (எண் கூடினால் மங்கல்), ரூவி (RUWE) எண், ஆர வேகம் (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம்). இவற்றை எல்லோரும் கேட்டுவிடுவார்கள். மறந்துபோவது வேறு ஐந்து: அளவீட்டில் பயன்பட்ட பயனுறு அலை எண், போலி நிறம், கிரகணத் தள விலக்கம், எத்தனை அளபுருத் தீர்வு (இடம், இடமாறு தோற்றம், தன்னியக்கம் முதலியவற்றில் எத்தனையைக் கணக்கிட்டார்கள்) என்ற குறியீடு, பி.பி.–ஆர்.பி. மிகைக் காரணி (பி.பி., ஆர்.பி. அளவுகள் ஜி-யோடு ஒத்துப்போகின்றனவா என்று காட்டுவது). முதல் நான்கும் இல்லாமல், பின்னால் வரும் பூஜ்யப் புள்ளித் திருத்தம் போட முடியாது. திரும்பவும் முதலிலிருந்து இறக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பழைய கண்ணி. காப்பகத்தில் உடனடி வினவல் 2,000 வரிசையோடு நின்றுவிடும். உங்கள் அட்டவணையில் சரியாக 2,000 வரிசை இருந்தால் அது கொத்தின் அளவு அல்ல, வரம்பின் அளவு. ஆஸ்ட்ரோகுவேரியின் கூம்புத் தேடல் இன்னும் மோசம்: வரம்பை நீங்களே தளர்த்தாவிட்டால் வெறும் 50 வரிசையைக் கொடுத்துவிட்டு பேசாமல் இருக்கும். பின்னணி வினவல் முறையில் ஓடவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

முதல் சுற்றுக்கு ஜி 18-க்கு மேற்பட்ட மங்கலானவற்றை விட்டுவிடலாம். காரணம் எளிது. ஜி 15 வரை இடமாறு தோற்றத்தின் பிழை 0.02–0.03 மில்லி ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). 17-இல் அது 0.07. 20-இல் 0.5. எம் 67-இன் இடமாறு தோற்றமே 1.15-ஐ ஒட்டித்தான், 20-ஆம் மேக்னிட்யூடில் அந்த அளவு எதற்கும் உதவாது.

உறுப்பினர் தேர்வு

தன்னியக்கம் இரண்டையும் எக்ஸ், ஒய் அச்சில் போட்டுப் பாருங்கள். வல ஏற்றத் திசையில் −10.97, விலக்கத் திசையில் −2.92 மில்லி ஆர்க்செகண்ட்/ஆண்டு என்ற இடத்தில் ஒரு அடர்ந்த பொட்டு தெரியும். பின்னணிக் கூட்டம் பூஜ்யத்தை ஒட்டிய பகுதியில் அகலமாகச் சிதறிக் கிடக்கும். எம் 67 இப்படித் தனியே விலகி நிற்பது அதிர்ஷ்டம். எல்லாக் கொத்துக்கும் இது வாய்க்காது.

பொட்டைச் சுற்றி எவ்வளவு பெரிய வட்டம்? கண்ணளவில் போடாமல் கணக்கிட்டுப் போடலாம். கொத்துக்குள் விண்மீன்களின் வேகச் சிதறல் நொடிக்கு சுமார் 0.8 கி.மீ. இதை 4.74-ஆலும், கிலோபார்செக்கில் தூரமான 0.85-ஆலும் வகுத்தால் 0.2 மில்லி ஆர்க்செகண்ட்/ஆண்டு வரும். மூன்று மடங்கு எடுத்தால் 0.6. பிரகாசமான விண்மீன்களுக்கு அளவீட்டுப் பிழை 0.03 என்பதால் அது கணக்கிலேயே வராது. ஆனால் ஜி 18-இல் பிழை 0.13-ஐ ஒட்டி இருக்கும். அங்கே இரண்டையும் வர்க்கக் கூட்டலாகச் சேர்த்து வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். எல்லா மேக்னிட்யூடுக்கும் ஒரே இறுக்கமான வட்டம் வைத்தால் மங்கலான உறுப்பினர்களை இழப்பீர்கள். பிறகு முதன்மைத் தொடரின் கீழ்ப்பகுதி மெலிந்திருப்பதைப் பார்த்து, லேசான விண்மீன்கள் கொத்தை விட்டு ஓடிவிட்டன என்று முடிவுகட்டத் தோன்றும். அப்படி ஓடுவதும் உண்மையில் நடப்பதுதான் என்பதால் இந்தத் தவறு பிடிபடாமலே போய்விடும்.

அடுத்து இடமாறு தோற்ற வடிகட்டல். "அளவு, பிழையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையை இணையத்தில் உள்ள பல பயிற்சிக் குறிப்புகள் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்கின்றன. எம் 67-க்கு அது என்ன செய்யும் என்று பாருங்கள். 1.15-க்குப் பத்து மடங்கு என்றால் பிழை 0.115-க்குள் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஜி 17.7-இல் கத்தி விழுந்துவிடும். தரவின் தரத்தைக் காப்பதற்காகப் போட்ட நிபந்தனை, நிறையை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனையாக மாறிப்போகிறது. அதற்குப் பதில், ஒவ்வொரு விண்மீனின் அளவும் கொத்தின் சராசரியிலிருந்து அதன் சொந்தப் பிழையின் மூன்று மடங்குக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

ரூவி என்பது, கையாவின் அளவீடுகள் "தனி விண்மீன்" என்ற மாதிரியோடு எவ்வளவு நன்றாக ஒத்துப்போகின்றன என்பதன் குறியீடு. 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 1.4-க்கு மேல் போனால் சந்தேகம். பெரும்பாலும் அதன் பொருள், இரட்டை விண்மீன் ஒன்றில் ஒளி மையம் தள்ளாடுகிறது என்பது. இதனால் ரூவி 1.4-க்கு மேல் உள்ளதை எல்லாம் தூக்கி எறிவது வழக்கமாகிவிட்டது. சராசரித் தூரம் காண்பதற்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள். பின்னால் போடும் நிறம்–பிரகாச வரைபடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எம் 67-இன் சுவாரசியமான ஆட்கள் பலர் இரட்டைகள். பின்னால் வரும் நீல அலைந்தோர் அதில் முக்கியம். ரூவியை எல்லா இடத்திலும் போட்டால், ஆய்வு தொடங்கும் முன்பே பதிலின் ஒரு பகுதியைக் குப்பையில் போட்டதாகும்.

ஜி 13-க்கும் பிரகாசமான விண்மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு கையாவே ஆர வேகமும் தருகிறது. கொத்தின் வேகம் நொடிக்கு சுமார் +34 கி.மீ. இதைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தலாம், வெட்டுவதற்கு வேண்டாம். நெருங்கிய இரட்டை ஒன்றின் வேகம் எப்படியும் விலகித்தான் இருக்கும்.

தேர்வு முடிந்ததும் எத்தனை பேர் தவறாக நுழைந்திருக்கிறார்கள் என்று அளக்க ஒரு சுலப வழி உண்டு. கொத்திலிருந்து நான்கைந்து பாகை தள்ளி, பால்வெளித் தளத்திலிருந்து அதே கோண விலக்கத்தில், அதே ஆரத்தில் இன்னொரு வட்டத்தை இறக்கி, அதே நிபந்தனைகளை அப்படியே போடுங்கள். அங்கே தேறுவது எல்லாம் போலி. அவை வரைபடத்தில் எந்த நிறத்தில், எந்தப் பிரகாசத்தில் விழுகின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எம் 67-இலும் அதே இடத்தில் அதே அளவு போலிகள் இருக்கும்.

ஒரே தூரம், ஒரே தூசி

ஒவ்வொரு விண்மீனின் இடமாறு தோற்றத்தையும் தலைகீழாக்கித் தனித்தனித் தூரம் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஜி 18-இல் பிழை 0.12 என்றால் தூரத்தில் பத்து விழுக்காடு; மேக்னிட்யூடில் 0.2. கொத்தின் உண்மையான ஆழமோ இருபது பார்செக்குக்குள். 850-இல் 20 என்பது 0.05 மேக்னிட்யூடுதான். தனித்தனியாகப் போட்டால், இல்லாத தடிமனை முதன்மைத் தொடருக்கு நீங்களே கொடுக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே சராசரித் தூரம் வைப்பதே சரி.

சராசரி எடுக்கும்முன் பூஜ்யப் புள்ளித் திருத்தம். மிகத் தொலைவில் உள்ள குவேசார்களுக்கு இடமாறு தோற்றம் பூஜ்யமாக வர வேண்டும். கையாவில் அது −0.017 மில்லி ஆர்க்செகண்ட் என்று வருகிறது. அதோடு, இந்த விலகல் பிரகாசம், நிறம், கிரகணத் தள விலக்கம் மூன்றையும் பொறுத்து மாறுகிறது. கையா குழுவே இதற்கு ஒரு பைதான் நிரல் தந்திருக்கிறது. ஐந்து அளபுருத் தீர்வுக்குக் குறியீடு 31, அதற்குப் பயனுறு அலை எண்; ஆறு அளபுருத் தீர்வுக்குக் குறியீடு 95, அதற்குப் போலி நிறம். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

எம் 67-இன் விண்மீன்களுக்கு இந்தத் திருத்தம் −0.035-ஐ ஒட்டி வரும். அளந்த மதிப்பிலிருந்து இதைக் கழிக்க வேண்டும். எதிர்மறை எண்ணைக் கழித்தால் கூடும். 1.15 என்பது 1.185 ஆகும், தூரம் 844 பார்செக், தூர மட்டு (தூரத்தால் விண்மீன் எத்தனை மேக்னிட்யூட் மங்குகிறது என்ற அளவு) 9.63. திருத்தமே போடாவிட்டால் 870 பார்செக், 9.70. குறியை மாற்றிக் கூட்டிவிட்டால் 897 பார்செக், 9.76. வயதுக் கணக்கில் 0.1 மேக்னிட்யூட் தவறு என்பது தோராயமாகப் பத்து விழுக்காடு வயது. ஒரு கழித்தல் குறியால் கொத்தின் வயதில் ஐம்பது கோடி ஆண்டு காணாமல் போகும்.

நூற்றுக்கணக்கான விண்மீன்களைச் சராசரியாக்கினால் சிதறல் பிழை கரைந்துவிடும். ஆனால் வானில் அருகருகே உள்ளவற்றின் பிழைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அதனால் எத்தனை பேரைச் சேர்த்தாலும் 0.01 மில்லி ஆர்க்செகண்டுக்குக் கீழே இறங்கியதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. தூர மட்டில் அது 0.02. நமக்கு அதுவே போதும்.

தூசிக்கு, பி−வி நிறமிகை (தூசியால் விண்மீன் எவ்வளவு சிவந்து தெரிகிறது என்ற அளவு) 0.04 என்று எடுக்கலாம். கையா பட்டைகளில் இது ஜி-இல் 0.10 மேக்னிட்யூட் மங்கலாகவும், பி.பி.−ஆர்.பி. நிறத்தில் 0.05 சிவப்பாகவும் மாறும். ஜி பட்டை மிக அகலம் என்பதால் மங்கலாகும் அளவு விண்மீனின் நிறத்தைப் பொறுத்து மாறும். ஆனால் இவ்வளவு குறைந்த தூசியில் அந்த வேறுபாட்டை விட்டுவிடலாம். தூசி மிகுந்த கொத்தில் விட முடியாது.

வரைபடத்தைப் படிப்பது

கிடை அச்சில் பி.பி.−ஆர்.பி., நெடு அச்சில் ஜி. நெடு அச்சைத் தலைகீழாக்குங்கள்.

கீழே வலப்புறத்திலிருந்து மேலே இடப்புறமாக ஏறும் பட்டை முதன்மைத் தொடர். சூரியனை எடுத்து அங்கே வைத்தால் ஜி 14.4-இல், நிறம் 0.87-ஐ ஒட்டி நிற்கும். அதற்கு மேலே போகப் போக, ஜி 13.5-ஐ ஒட்டி, 0.7 நிறத்தில் பட்டை நின்று திரும்புகிறது. அதுதான் திருப்பு முனை. அங்கே இருப்பவை சூரியனைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு நிறை. அதைவிடக் கனமாகப் பிறந்தவை எல்லாம் மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்டன.

திருப்பு முனைக்கு மேலே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பட்டை நேராகத் திரும்பாமல் ஒரு சிறு கொக்கி போட்டு, ஜி 13-ஐ ஒட்டி விண்மீன்கள் மிகக் குறைவாக உள்ள ஓர் இடைவெளியை விட்டு, பிறகு வலப்புறம் போகிறது. 1.1, 1.2 சூரிய நிறைக்கு மேற்பட்ட விண்மீனின் மையம் கொதித்துக் கலங்கும் மையம். கலங்குவதால் ஹைட்ரஜன் எங்கும் சமமாகக் குறைந்து, மையம் முழுவதும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோகிறது. உடனே விண்மீன் மொத்தமாகச் சுருங்கிச் சற்று சூடாகி, பிறகு மையத்தைச் சுற்றிய ஓட்டில் எரிப்பைத் தொடங்குகிறது. அந்தச் சுருக்கம் குறுகிய காலமே நீடிப்பதால் அந்த இடத்தில் யாரையும் அதிகம் பார்க்க முடிவதில்லை. இன்னும் வயதான கொத்துகளில், திருப்பு முனை நிறை இந்த எல்லைக்குக் கீழே போய்விடுவதால், கொக்கியே இருக்காது. எம் 67 சரியாக எல்லையை ஒட்டி நிற்கிறது. அதனால்தான் மைய அதிகப்பாய்ச்சலை, அதாவது கலங்கும் மையம் தன் எல்லையைத் தாண்டி எவ்வளவு தூரம் பொருளை இழுத்து வருகிறது என்பதை, சோதிக்க எல்லோரும் இந்தக் கொத்துக்கு வருகிறார்கள்.

கொக்கிக்குப் பிறகு துணைப் பெரு விண்மீன் கிளை (பெருக்கத் தொடங்கியவை), பிறகு செம்பெரு விண்மீன் கிளை செங்குத்தாக ஏறும். அதன் பக்கத்தில் ஜி 10.2-ஐ ஒட்டி ஒரு சின்னத் திரள்: மையத்தில் ஹீலியம் எரிப்பவை. எண்ணிக்கை கைவிரல் அளவுதான். ஆனால் அவற்றின் பிரகாசம் அசையாதது என்பதால் தூரத்தைச் சரிபார்க்க அருமையான அளவுகோல்.

வளைகோடுகளுக்கு படோவா குழுவின் வலைத்தளமோ மிஸ்ட் தளமோ போதும். ஒளியளவுத் தொகுதியில் கையாவின் மூன்றாம் வெளியீட்டுக்கானதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் வெளியீட்டின் பட்டைகள் வேறு. பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தவறிப்போய் மாற்றி எடுப்பவர்கள் உண்டு. மடக்கை வயது 9.50 முதல் 9.70 வரை, 0.02 இடைவெளியில். 9.55 என்பது 355 கோடி ஆண்டு, 9.60 என்பது 398 கோடி, 9.65 என்பது 447 கோடி. உலோக அளவைச் சூரியனோடு ஒப்பிட்ட மடக்கையாகக் கொடுங்கள், இசட் மதிப்பாக (உலோகங்களின் நிறைப் பங்காக) வேண்டாம். படோவா மாதிரிக்குச் சூரியனின் இசட் 0.0152, மிஸ்டுக்கு 0.0142, ஒன்றிலிருந்து எடுத்த எண்ணை மற்றதில் போட்டால் சூரியனே வேறு உலோக அளவுக்குப் போய்விடும்.

வளைகோட்டின் ஜி-யோடு 9.73, நிறத்தோடு 0.05 கூட்டிப் புள்ளிகள் மேல் போடுங்கள். எங்கே பொருத்துவது? முதன்மைத் தொடரின் நடுவில் பொருத்தாதீர்கள். சம நிறை இரட்டை ஒன்று தனி விண்மீனை விட 0.75 மேக்னிட்யூட் பிரகாசமாகத் தெரியும். எம் 67-இல் இந்த இரண்டாவது பட்டை முதன்மைத் தொடருக்கு மேலே வெறும் கண்ணுக்கே தெரியும். இரண்டுக்கும் இடையில் சமமில்லாத இரட்டைகள் நிரம்பிக் கிடக்கும். நடுக்கோட்டில் பொருத்தினால் இரட்டைகள் உங்கள் கோட்டை மேலே இழுத்துவிடும். கீழ் விளிம்பில், நீல விளிம்பில் பொருத்துங்கள்.

ஜி 17-க்குக் கீழே போகப் போகக் கோடும் புள்ளிகளும் பிரியத் தொடங்கினால் வயதை மாற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். குளிர்ந்த குறு விண்மீன்களின் வளிமண்டலத்தில் மூலக்கூறுகள் மிகுதி. மாதிரிகள் அங்கே பொதுவாகவே தடுமாறும். இன்னும் மங்கலாக, பி.பி. 20-ஐத் தாண்டும்போது கையாவின் பி.பி. அளவே மிகையாக வந்து, சிவப்பு விண்மீன்கள் நீலமாகத் தெரியும். எப்படியும் அங்கே வயது பற்றிய தகவல் எதுவும் இல்லை.

வயதை உண்மையில் பிடித்து நிறுத்துவது துணைப் பெரு விண்மீன் கிளையின் உயரமும், ஹீலியத் திரளுக்கும் திருப்பு முனைக்கும் இடையிலான மேக்னிட்யூட் வேறுபாடும். இந்த இரண்டாவதில் தூரமும் தூசியும் தாமாகவே அடிபட்டுப்போவதால், முதலில் அதைக் கணக்கிட்டுவிட்டு மற்றதைப் பார்ப்பது நல்லது. இரு வழியிலும் வயது ஒத்துவராவிட்டால் தூரத்தில் கோளாறு. இப்படிச் செய்தால் 350-க்கும் 420 கோடிக்கும் இடையில் ஓர் எண் கிடைக்கும். எந்த மாதிரியை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து அதற்குள் அங்குமிங்கும் நகரும்; அதைப் பிழையாகச் சேர்த்துத்தான் எழுத வேண்டும். "399 ± 5 கோடி" என்று எழுதியிருப்பவரை நம்பாதீர்கள்.

உலோக அளவிலும் ஒரு நுணுக்கம். எம் 67-இன் திருப்பு முனை விண்மீன்களின் நிறமாலையில் தெரியும் இரும்பு, செம்பெரு விண்மீன்களில் தெரிவதை விடக் குறைவு. கனமான அணுக்கள் மெல்ல மேற்பரப்பிலிருந்து கீழே அமிழ்வதே காரணம். விண்மீன் பெருத்ததும் வெளியுறை ஆழமாகக் கலங்கி எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே பிறந்தபோது இருந்த கலவை வேண்டுமானால் செம்பெரு விண்மீன்களைக் கேளுங்கள்.

கோட்டில் உட்காராதவர்கள்

திருப்பு முனைக்கு மேலே, இடப்புறமாக, யாரும் இருக்கக் கூடாத இடத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் இருக்கும். நீல அலைந்தோர். 400 கோடி வயதில் இவ்வளவு நீலமாக, பிரகாசமாக இருக்க வேண்டிய நிறை எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். பிறந்த பிறகு எங்கிருந்தோ நிறை வாங்கியிருக்கிறார்கள்: துணையிடமிருந்து உறிஞ்சியோ, இரண்டு விண்மீன்கள் ஒன்றாகியோ.

உறிஞ்சியது என்றால், கொடுத்தவர் உறையை இழந்து சூடான வெண்குறு விண்மீனாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது பிரகாசமான துணையின் ஒளியில் மறைந்துவிடும். கையாவால் பிரிக்க முடியாது. புற ஊதாவில் நிலைமை மாறுகிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கிக்கு இங்கேதான் வேலை. 38 செ.மீ. கண்ணாடி கொண்ட இரட்டைத் தொலைநோக்கி. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கியது. பார்வைப் பரப்பு 28 ஆர்க்நிமிடம் என்பதால் எம் 67-இன் மையப் பகுதி ஒரே படத்தில் அடங்கும். 1.5 ஆர்க்செகண்ட் கூர்மை இருப்பதால் நெருக்கத்திலும் யார் யார் என்று சொல்ல முடியும். 130–180 நானோமீட்டர் பட்டையில் படமெடுத்தால் சூரியன் மாதிரியானவை எல்லாம் ஏறக்குறைய அணைந்துபோய், சூடானவை மட்டும் மிஞ்சும்.

வழிமுறை: ஒரே விண்மீனுக்குப் புற ஊதாவில் அஸ்ட்ரோசாட், கேலக்ஸ், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கையா, அகச்சிவப்புக்கு 2மாஸ், வைஸ் அளவுகளைச் சேர்த்து அலைநீளத்துக்கு எதிராகப் போட வேண்டும். முதலில் 300 நானோமீட்டருக்கு மேற்பட்ட புள்ளிகளை மட்டும் வைத்து ஒரே வெப்பநிலை மாதிரியைப் பொருத்துங்கள். பிறகு புற ஊதாப் புள்ளிகள் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு மேலே நிற்கின்றன என்று பாருங்கள். தெளிவான மிகை இருந்தால் மட்டும் இரண்டாவது, சூடான மாதிரியைச் சேர்க்கலாம். எல்லாப் புள்ளிகளையும் ஒரேயடியாக இரு மாதிரிக்குக் கொடுத்தால் எதற்கும் ஒரு துணை கிடைத்துவிடும்.

இந்த முறையில் எம் 67-இன் நீல அலைந்தோர் ஒன்றுக்குப் பக்கத்தில் சூரியனின் ஐந்தில் ஒரு பங்கு நிறை மட்டுமே உள்ள வெண்குறு விண்மீன் இருப்பது 2019-இல் வெளியானது. அந்த எண்ணிலேயே கதை இருக்கிறது. தனியாக வாழ்ந்த விண்மீன் எதுவும் இந்தக் கொத்தின் வயதுக்குள் 0.4 சூரிய நிறைக்குக் குறைந்த வெண்குறு விண்மீனாக முடியாது. செம்பெரு நிலையில் ஏறிக்கொண்டிருந்தபோதே யாரோ உறையைப் பறித்திருக்க வேண்டும். பறித்தவர் பக்கத்திலேயே நீலமாக நிற்கிறார்.

ஆனால் புற ஊதா மிகை எல்லாம் வெண்குறு விண்மீன் ஆகாது. நெருங்கிய இரட்டைகள் வேகமாகச் சுழலும். சுழற்சி காந்தப்புலத்தைத் தூண்டும். சூடான நிறமண்டலமே (விண்மீனின் மேற்பரப்புக்கு மேலுள்ள அடுக்கு) புற ஊதாவைக் கொட்டும். அதே விண்மீன் சந்திரா அல்லது ரோசாட் விண்கலத்தின் பட்டியலில் எக்ஸ் கதிர் மூலமாக இருந்தால் வெப்பநிலையைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

வயதைச் சரிபார்க்க முற்றிலும் வேறான வழி ஒன்றும் உண்டு: கெப்ளர் தொலைநோக்கியின் கே2 திட்டம், 2015-இல் ஐந்தாவது கட்டத்தில் எம் 67-ஐ ஏறக்குறைய 75 நாள் தொடர்ந்து பார்த்தது. செம்பெரு விண்மீன்களின் அதிர்வுகளை வைத்து எடுத்த வயது 350 கோடியை ஒட்டியும், சூரியன் போன்றவற்றின் சுழற்சியை வைத்து எடுத்தது 420 கோடியை ஒட்டியும் வந்தது. சுழற்சி வேலையில் கவனம் வேண்டும். இந்த வயதில் சூரியன் போன்ற விண்மீன் ஒரு சுற்றுச் சுற்ற 25 நாளுக்கு மேல் ஆகும். 75 நாளில் மூன்று சுற்றுக்கூடத் தேறாது. விண்மீனின் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கரும்புள்ளிகள் இருந்தால் பாதிக் காலமே சுழற்சிக் காலமாகத் தெரியும். போதாக்குறைக்கு, இரண்டு சமநிலைச் சக்கரங்கள் பழுதான விண்கலம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உந்திகளைச் சுட்டு நிலையைத் திருத்தியதால், ஒளிவளைவில் (பிரகாசம் காலத்தோடு மாறுவதைக் காட்டும் கோட்டில்) ரம்பப் பல் போல ஒரு தடம் விழுந்திருக்கும். அதை நீக்கும்போதே மெதுவான உண்மைச் சுழற்சியையும் சேர்த்து வழித்துவிடும் நிரல்கள் உண்டு. ஒரு பிக்சல் 4 ஆர்க்செகண்ட் என்பதால் கொத்தின் மையத்தில் பக்கத்து விண்மீனின் ஒளியும் கலந்து வரும். கையா ஆயங்களை வைத்து, 12 ஆர்க்செகண்டுக்குள் இன்னொரு பிரகாசமான விண்மீன் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இதே செய்முறையை அப்படியே தூக்கிக்கொண்டு ஓரியன் நெபுலாக் கொத்துக்குப் போகாதீர்கள். அங்கே விண்மீன்கள் பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. முதன்மைத் தொடரை இன்னும் எட்டாதவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் உள்ள தூசி வேறு, எனவே "ஒரே தூசி" என்பது உடைந்துபோகும். கையாவின் பி.பி., ஆர்.பி. அளவுகள் 3.5க்கு 2.1 ஆர்க்செகண்ட் சாளரத்தில் எடுக்கப்படுபவை. அதற்குள் நெபுலாவின் ஒளியும் புகுந்து நிறத்தைக் கெடுக்கும். மிகைக் காரணியைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஜி அளவும் தன்னியக்கமும் ஓரளவு தப்பும். ஆகவே உறுப்பினர் தேர்வுக்குக் கையா, நிறத்துக்கும் இளம் விண்மீன்களைச் சுற்றிய தூசித் தட்டுகளுக்கும் ஸ்பிட்சர், ஜேம்ஸ் வெப் போன்ற அகச்சிவப்புக் கருவிகள் என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கையாவின் நான்காம் வெளியீடு 2026 டிசம்பரில் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 66 மாத அளவீடுகள், ஒவ்வொரு விண்மீனுக்கும் தேதிவாரியான தரவு. எம் 67-இன் நீல அலைந்தோர் பலரின் சுற்றுக்காலம் ஆயிரம் நாளை ஒட்டியது என்பதால், 34 மாதத்தில் வெறும் ரூவி மிகையாகத் தெரிந்தவை அப்போது சுற்றுப்பாதையாகவே கிடைக்க வாய்ப்புண்டு. இப்போது செய்து வைக்கும் உறுப்பினர் பட்டியலில் மூல எண்ணை மட்டும் சேமித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒரு வெளியீட்டின் மூல எண் அடுத்ததிலும் அதே விண்மீனைக் குறிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆயங்களையும் தன்னியக்கத்தையும் 2016.0 என்ற காலக் குறிப்போடு சேர்த்துச் சேமியுங்கள். வினவலின் வரிகளையும் அதே கோப்புறையில் ஓர் உரைக் கோப்பாக வைத்துவிட்டால் டிசம்பரில் அட்டவணைப் பெயரை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டலாம்.